நாளங்காடியும் உழவர் சந்தையும்

உடம்பை நிறுத்துவது உணவு. உணவை ஆக்குவது உழவு. இவ்விரண்டற்கும் இடையே நின்று ஒன்றை மற்றொன்றோடு சேர்ப்பது அங்காடி. உழவின் சிறப்பை நம் திங்களிதழிற் பலரும் பலகால் எழுதியுள்ளனர். அங்காடியின் வரலாற்றை எழுதினார் மிகச் சிலர். விளைப்போன் கையிலிருந்து உண்போன் கைக்குப் பொருள் எவ்வழி வந்தது, அவ்வழி நீண்டது எக்காலத்து, நீண்டதனால் நேர்ந்தது யாது, அதனைக் குறுக்குதற்குச் செய்த முயற்சிகள் யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சியே. சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவிற் பந்தியிலிட்ட அரிசி, வேற்று மாநிலத்து ஆலையொன்றிலே தீட்டிப் பையிலடைத்து வந்தது. அதே நாளில் நம் உறுப்பினர் ஒருவர், செயற்கை உரமும் நஞ்சும் இடாது தம் நிலத்தில் விளைத்த சீரகச் சம்பாவை, வாங்குவாரின்றித் தம் வீட்டுத் திண்ணையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார். விழா மேடையிலோ உழவின் பெருமை குறித்து மூவர் சொற்பெருக்காற்றினர். அம்மூவருள் யாமும் ஒருவேம். இலையில் உட்கார்ந்தபொழுது இச்செய்தி எம் செவிக்கு எட்டியது. எட்டியபின் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இனி வரலாற்றை நோக்குவோம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, கூடல் நகரத்தின் பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும், இராக்கடைத் தெருவை அல்லங்காடி என்றும் பிரித்துக் கூறுகின்றது. அந்நகரத்தார் உண்ட பொருள்களுட் பலாச்சுளையும் மாங்கனியும், பலவகைக் காய்களும் கனிகளும், மழையால் தழைத்த இளந்தளிர்க் கீரையும் அந்நூலிற் கூறப்படுகின்றன. கீரையென்பது பறித்த அன்றே விற்கவேண்டிய பொருள்; ஆகலின் அது நகரை யடுத்த தோட்டங்களிலிருந்தே வந்திருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். புகார் நகரத்தில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடி நடந்ததைச் சிலப்பதிகாரம் உரைக்கின்றது.

நகரத்தின் நிலை இஃது. நாட்டுப்புறத்திலோ விளைத்தவரே விற்றனர். ஆயர்குலப் பெண் தான் கடைந்த மோரைத் தலையிற் சுமந்து சென்று விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற நெல்லினால் தன் சுற்றத்தாரை உண்பித்தமையைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லைக் கொண்டமை அகப்பாடல்களிற் காணப்படும். இவ்வகை மாற்றில் ஒரு நன்மை உண்டு. மோரில் நீர் மிகுந்தால் மறுநாள் அவ்வீட்டு வாயிலில் அவள் நிற்க முடியாது. கொடுப்போரும் கொள்வோரும் முகமறிந்தவராதலின், அவ்வறிமுகமே முத்திரையும் சான்றுமாக நின்றது.

வணிகரை இகழ்தல் எம் கருத்தன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், தாம் கொள்வதிலும் மிகை கொள்ளாது, கொடுப்பதிலும் குறை கொடாது, நடுவு நிலை பிறழாது வாழ்ந்தனர் எனப் பட்டினப்பாலை போற்றுகின்றது. எனவே இடைநிற்போர் இருத்தல் குற்றமன்று. விளைப்போனும் உண்போனும் ஒருவரையொருவர் அறியாதபடி அவ்விடைவெளி அகன்றுவிடுதலே குற்றம்.

நிற்க. அவ்விடைவெளி பெரிதும் அகன்றது ஆங்கிலேயர் காலத்தே. 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அதன்பின் தானியம், விளைந்த ஊரை விட்டு, விலை மிகுந்த ஊரை நாடி ஓடத் தொடங்கிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில், புகைவண்டி வெளியிலிருந்து தானியம் கொணர்ந்ததும் உண்டு. உள்நாட்டுத் தானியத்தை வெளியே கொண்டுபோனதும் உண்டு. கையிற் பொருளில்லா ஏழைக்கோ தானியம் கண்முன் இருந்தும் பயன்படவில்லை. பண்டம் ஓடும் விரைவு வேறு. பசித்தவனுக்கு அது எட்டுதல் வேறு என்பதனை அப்பஞ்சம் கற்பித்தது.

மற்றொரு பாடம் பர்மாவினால் வந்தது. முதலுலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளிற் சென்னை மாகாணத்துக்குப் பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்து குவிந்தது. 1930-க்குப் பின் நெல் விலை வீழ்ந்தபொழுது, அவ்வரிசியின் மலிவு தஞ்சைத் தரணியின் உழவரை மேலும் நலித்தது. உண்போர் மலிவைக் கண்டு மகிழ்ந்தனர். 1942-இல் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது, கப்பல் நின்றது, மலிவும் நின்றது. அதன்பின் அரிசிக்குப் பங்கீட்டுச் சீட்டும் நீண்ட வரிசையும் வந்தன. 1952-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்து அக்கட்டுப்பாட்டை நீக்கும்வரை, அளந்து வாங்கி அளந்து உண்ட காலத்தை நம் பாட்டன்மார் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். தொலைவிலிருந்து வரும் மலிவு, நாம் விரும்பும்வரை நிற்பதன்று; அதனைக் கொணரும் வழி திறந்திருக்கும்வரையே நிற்பது.

இஃதிவ்வாறாக, உள்ளூரிலும் கமிஷன் மண்டிகள் பெருகின. முன்பணம் கொடுத்த மண்டிக்கே விளைவைக் கொண்டுவரல் வேண்டும் என்னுங் கட்டு உழவனைப் பிணித்தது. எடையிலும் தரகிலும் கழிவிலும் அவன் இழந்தது கொஞ்சமன்று. 1928-இல் வெளிவந்த இராயல் விவசாயக் கமிஷனின் அறிக்கை, முறைப்படுத்திய சந்தைகள் வேண்டுமென்று பரிந்துரைத்தது. 1933-இற் சென்னை மாகாண வாணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. ஆயின் அது பருத்தி முதலிய வாணிகப் பயிர்களைக் கருதியதேயன்றி, கத்தரியும் வெண்டையும் கூடையிற் சுமந்து வருவாரைக் கருதியதன்று.

அவரைக் கருதிய முயற்சி, நாடு விடுதலை பெற்றுப் பல்லாண்டு கழிந்தபின்னரே தோன்றிற்று. 1987-இற் பஞ்சாபில் ‘அப்னி மண்டி’ என்னும் பெயரால், உழவர் நேரே விற்கும் சந்தைகள் ஏற்பட்டன. 1999-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆந்திரத்தில் ‘ரயத்து பஜார்’ தோன்றியது. அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணாநகரில் திறக்கப்பெற்றது. நாளங்காடி பாடப்பெற்ற அக்கூடல் நகரிலேயே இது தொடங்கியமை எண்ணி மகிழ்தற்குரியது.

இதன் முறை எளிது. நிலத்தையும் பயிரையும் அலுவலர் பார்த்து உறுதி செய்தபின், உழவருக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கப்பெறும். கடைக்கு வாடகை இல்லை. தராசும் சந்தையிலேயே கிடைக்கும். நாள்தோறும் விடியலில் விலை குறித்துப் பலகையில் எழுதப்படும். அவ்விலை மண்டியின் மொத்த விலைக்கு மேலும், வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழும் நிற்கும். ஆகவே விற்போர்க்கும் ஊதியம், வாங்குவோர்க்கும் ஊதியம். 2001-இல் ஆட்சி மாறியபின் பேணுவாரின்றிப் பல சந்தைகள் நலிந்தன. 2006-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன. ஆட்சி கைவிட்டால் சந்தை தளர்வது இதனாற் புலனாகும். ஆயினும் வாங்குவோர் நாள்தோறும் வந்து நிற்குஞ் சந்தையை எவ்வாட்சியும் எளிதில் மூடவொண்ணாது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அண்மையில் விளைந்தது ஒன்றே ஒரு பொருளை நல்லதாக்குமோ எனின், ஆக்காது. 1966-இற் பிலிப்பைன்சு நாட்டு நெல்லாராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 முதலான குட்டை நெல்வகைகள் விளைவைப் பெருக்கின; நாட்டின் பசியைத் தணித்தன; அந்நன்றியை மறத்தல் ஆகாது. எனினும் அவை உரமும் மருந்தும் நீரும் மிகுதியாக வேண்டின. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், குழியடிச்சான் முதலான பழைய நெற்கள் வயலை விட்டு அகன்றன. அரசின் வேளாண் ஆராய்ச்சிப் பணியைத் துறந்து வந்த கோ. நம்மாழ்வார் (1938–2013), மண்ணைக் கெடுக்காது விளைக்கும் வழியை ஊர்தோறும் நடந்து சென்று உரைத்தார். 2003-இற் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை அவர் மேற்கொண்ட நடைப்பயணத்தில் உடன் சென்றவர் நெல் ஜெயராமன்.

ஜெயராமன் செய்தது பெருங்காரியம். 2006 முதல் திருத்துறைப்பூண்டியை யடுத்த ஆதிரங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருவோர்க்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். வேறு விலை இல்லை. இம்முறையால் நூற்றெழுபதுக்கு அணிமையான நெல்வகைகளைத் திரட்டி வயலுக்கு மீட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபின்னும் அவ்விதைகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்நெல்லை அரிசியாக்கி உண்பார் இல்லையெனின், விதைப்பார் எத்தனை ஆண்டு விதைப்பர்? விதையைக் காத்தல் உழவன் கடன். அவ்வுழவனைக் காத்தல் உண்போன் கடன்.

இவ்விடத்து நம் குலத்தார்க்கு ஒரு சொல். உழுகுடி மரபினர் நாம் என்று நம் இதழின் ஒவ்வொரு மலரிலும் எழுதுகின்றோம். நம்மிற் பலர் இன்று அலுவலகத்திலும் பள்ளியிலும் கடையிலும் இருக்கின்றோம், அதிற் குற்றமில்லை. ஆயின் பட்டாவில் நம் பெயர் இருந்த வயலிலும் நாற்று நட்டவரும், களை பறித்தவரும், எந்நெல் எம்மண்ணுக்கு ஆகும் என்று நினைவில் வைத்திருந்தவரும் பெரும்பாலும் நம் குலத்தார் அல்லர். அவர் அறிவை நம் பெருமையாக எழுதிக்கொள்வது அறமாகாது. ஆகவே நல்லுணவை நாடுவோர் விளைத்தவன் குலத்தை வினவற்க; விளைத்த முறையை வினவுக.

விலை மிகுதி என்பாரும் உளர். நாட்டு நெல் அரிசி விலை மிகுந்ததே. வறியோர் வீட்டில் அதனை வற்புறுத்தல் தகாது. திருமணத்துக்குப் பன்னிருவகைப் பலகாரம் செய்து பாதியை இலையோடு எறியும் வீட்டார் அவ்வாறு கூறுதல் மட்டும் பொருந்தாது.

முடிவாக, சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். ஆண்டு விழாவுக்கும் மாணவர் விடுதிக்கும் வேண்டும் அரிசியையும் காய்கறியையும், நம் வட்டத்தில் நஞ்சின்றி விளைப்போரிடம், அவர் எக்குலத்தவராயினும், அறுவடைக்கு முன்னரே பேசி வாங்குக. அவ்வாறு விளைப்போர் ஊரையும் விளைபொருளையும், அவரவர் இசைவு பெற்று, இவ்விதழின் கடைசிப் பக்கத்தில் திங்கள்தோறும் வெளியிடுக. உறுப்பினர் ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒருமுறையேனும் தம் பிள்ளைகளை உடனழைத்து உழவர் சந்தைக்குச் செல்க. கூடைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரோடு ஒரு சொல் பேசுக.

மேடையேறி உழவைப் புகழ்வதற்கு முன், பந்தியில் இருப்பது எவர் விளைத்தது என்று கேட்டறிவதே இனி எம் வழக்கம். திண்ணையில் நெல் அடுக்கி வாங்குவாரை எதிர்நோக்கும் நிலை மற்றோர் ஆண்டு நேராதிருக்க.