கூடிப் பேசிய வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழாவை ஞாயிற்றுக்கிழமை பார்த்தே வைக்கின்றோம். அந்த ஞாயிறு ஓய்வு எவ்வாறு வந்தது? பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்க்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல்லாண்டு வாதாடியதன் பயனாக, 1890-ஆம் ஆண்டில் வார விடுமுறை கிடைத்தது. களைத்த கையில் நூல் அறுபடும்; இளைப்பாறிய கையே சீராக வேலை செய்யும். தொழிலாளர் நலமும் உற்பத்தியும் பகையல்ல என்பதற்கு இதுவே முதற் சான்று.

பம்பாயில் பிறந்த பார்சியான பி. பி. வாடியா, 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்திற்குத் தலைவரானார். பெரம்பூரில் ஆலைக்கருகே கடை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளர் குறைகளை நாள்தோறும் கேட்டு, மனம் பொறாது அவரை நாடினர். திரு. வி. க. துணை நின்றார். நண்பகல் உணவுக்கு விட்ட நேரம் போதாது என்பது அக்குறைகளுள் ஒன்று. உண்ண நேரம் கேட்பது உழைக்க மறுப்பதாகுமா?

ஆயினும் 1920-இல் பூசல் முற்றியது. ஆலையார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றனர். சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. பம்பாயின் என். எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. சென்னைக்கு நேர்ந்த புண்ணுக்குப் பம்பாய் மருந்து தேடியது.

நம் காட்கோபரிலும் ஒரு மருத்துவர் இருந்தார். பந்த் நகரில் கல்லுடைக்கும் தொழிலாளரின் நோயைப் பார்த்த டாக்டர் தத்தா சாமந்த், அவர்தம் கூலிக் குறையையும் கண்டு சங்கத் தலைவரானார். 1982 சனவரி 18-இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் அவர் பின் வெளியேறினர். ஆனால், 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறொரு சங்கத்திற்கே பேசும் உரிமை இருந்தது. தொழிலாளர் நம்பியவர்க்கு இருக்கை இல்லை. இருக்கை உடையவர்மீது தொழிலாளர்க்கு நம்பிக்கை இல்லை. ஓராண்டுக்கு மேலாகியும் உடன்பாடு பிறக்கவில்லை. பழைய இயந்திரங்களும் விசைத்தறிப் போட்டியும் முன்னரே ஆலைகளை அரித்திருந்தன என்பதும் மெய்யே. ஆலைகள் பல மீண்டும் திறக்கவில்லை. எத்தனையோ அடுப்புகள் அணைந்தன.

இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நம் துறையையும் சொல்லவேண்டும். 1974 மே 8-இல் தொடங்கிய வேலைநிறுத்தம் இருபது நாள் நடந்தது. போனஸ் அதன் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. சிறை சென்றோரும் வேலை இழந்தோரும் ஆயிரக்கணக்கினர். கேட்டது அன்று கிட்டவில்லை. பின்னர் 1979-80 முதல் உற்பத்தியோடு இணைந்த போனஸ் வந்தது. ஓராண்டில் ஏற்றிச் சென்ற சரக்கையும் பயணிகளையும் ஊழியர் தொகையோடு ஒப்பிட்டு அதனைக் கணக்கிடுகின்றனர். தசராவுக்கு முன் நம் இல்லத்தரசியர் எதிர்பார்க்கும் தொகை இதுவே.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பேச இடமுள்ள தொழிலகத்தில் குறை சிறிதாயிருக்கும்போதே தீரும், வேலையும் ஓங்கும். பேச்சு அடைபட்டால் இரு சாராரும் இழப்பர். உரிமை கேட்கும் நாமும் கடமையில் குறைவைத்தல் ஆகாது.

இன்று நம் காலனியின் இளைஞர் பலர் சங்கமின்றி ஒப்பந்த வேலையில் உழல்கின்றனர். உணவு நேரமும் ஞாயிறும் அவர்க்கு மீண்டும் கேள்விக்குறியாகின்றன. முன்னோர் கூடிப் பேசிப் பெற்றதை அவர்க்கு எடுத்துரைப்பது நம் கடன்.

வாழ்க உழைப்பாளர்! வளர்க நம் தமிழ்ச் சங்கம்!