அளவை

ஒன்றை எப்படி அறிகிறோம், அந்த அறிவை எதைக் கொண்டு நம்புகிறோம் என்ற கேள்விக்கு இந்தியத் தத்துவம் தரும் விடை. வடமொழியில் பிரமாணம்.

அளவைகளில் காட்சி, கருதல், உரை (நம்பத்தக்கோர் சொல்) மூன்றும் முதன்மையானவை. மலையில் புகை தெரிகிறது, நெருப்பு தெரியவில்லை. ஆனாலும் அங்கே நெருப்பு உண்டு என்கிறோம். இது கருதல், அதாவது அனுமானம். புகை இதற்கு ஏது, அதாவது காரணம்; புகையையும் நெருப்பையும் சேர்த்துக் காணும் அடுக்களை எடுத்துக்காட்டு. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு இருந்தே தீரும் என்ற பிரியாத் தொடர்புதான் இதன் உயிர்நாடி. இதற்கு வியாப்தி என்று பெயர். எதிர்வாதி கை வைப்பதும் இங்கேதான். சில இடங்களில் சேர்ந்து கண்டதை வைத்து எல்லா இடத்துக்கும் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டுப் பொருள்முதல்வாதிகளான சார்வாகர் அனுமானத்தையே தள்ளினர். எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி.

அளவைகள் எத்தனை என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பௌத்தர் காட்சி, கருதல் இரண்டோடு நிறுத்தினர். நியாய மரபினர் உரையையும் உவமையையும் சேர்த்து நான்கு என்றனர். குமாரில பட்டரின் மீமாம்சை ஆறு வரை போகும்.

தமிழில் மணிமேகலை இந்த வாதங்களை விரிவாகவே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அளவைகள் அனைத்தையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார்.