நாலந்தா அணைக்கட்டு: அணை சிறியது, கீழே இருக்கும் ஊர்கள் பல

ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்வோர் தம்புள்ளையையும் நாவுலவையும் கடந்த பின்னர் நாலந்தா என்ற சிறிய ஊரை அடைவர். அங்கிருந்து மாத்தளை நகரம் இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ளது. பேருந்தில் உறங்கியபடி கடந்து போகும் ஊர்தான் அது. ஆனால் எமது மக்களின் வரலாற்றில் அந்த வழிக்கு ஓர் இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் காடு வழியே கால்நடையாக மாத்தளை வரை அழைத்துச் செல்லப்பட்டது இந்த வடக்குப் பாதையால்தான். நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

இந்த நாலந்தாவில் 1950களில் கட்டப்பட்ட ஓர் அணைக்கட்டு இருக்கிறது. விக்டோரியா, கொத்மலை போன்ற பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் அது சிறியது, பழையது. அதன் சுற்றாடலையும், அதையொத்த சிறிய அணைகளின் பாதுகாப்பையும் நாம் ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரை சொல்ல முனைகிறது.

எந்த ஆறு, எந்த நீர்?

நாலந்தா அணை தம்புலு ஓயாவின் நீரைத் தேக்குகிறது. தம்புலு ஓயா வடக்கு நோக்கிச் சென்று கலாவெவவை அடைகிறது. கலாவெவ 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய பெருங்குளம். அங்கிருந்து வெளியேறும் கலா ஓயா புத்தளத்துக்கு வடக்கே கடலில் கலக்கிறது. ஆகவே நாலந்தாவில் தேங்கும் நீர் மலையடிவாரத்து நீர் மட்டுமல்ல. அது வறண்ட வலய வயல்களின் நீர்.

நாலந்தாவுக்குக் கிழக்கே வேறொரு நீர்த்தேக்கமும் உண்டு. அது போவத்தென்ன. மகாவலித் திட்டத்தின் கீழ் பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு வந்து, பின்னர் போவத்தென்னவை அடைகிறது. அங்கிருந்து ஒரு பகுதி நீர் இன்னொரு சுரங்கத்தால் தம்புலு ஓயாவின் பக்கம் அனுப்பப்படுகிறது. பயணிகள் பலர் இவ்விரண்டு நீர்த்தேக்கங்களையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதுண்டு. நாலந்தா அணை மகாவலித் திட்டத்துக்கு முந்தியது. போவத்தென்ன அத்திட்டத்தோடு வந்தது.

இடம் மாறிய கற்கோயில்

நாலந்தாவைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது அங்குள்ள கெடிகேயைத்தான். முழுவதும் கல்லால் ஆன சிறிய கட்டடம் அது. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. பல்லவர் காலத் திராவிடக் கட்டடக்கலையின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உறவு உடனே விளங்கும். பௌத்தமும் இந்துக் கலைமரபும் ஒரே கல்லில் கலந்து நிற்கும் சான்று என்று ஆய்வாளர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

போவத்தென்ன நீர் உயர்ந்தால் இக்கட்டடம் மூழ்கிவிடும் என்ற நிலை வந்தபோது, 1970களில் அது கல் கல்லாகக் கழற்றப்பட்டு, உயரமான மேடையில் 1980 அளவில் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. இன்று நீரை அண்டி நிற்கும் கெடிகேயைக் காண உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் வருகின்றனர். நீர் எதுவரை வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, வருமுன் காத்ததால் தப்பிய கட்டடம் அது. அதே கணக்கும் அதே அக்கறையும் அணைகளுக்குக் கீழே வாழும் மனிதர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

சிறிய அணை ஏன் ஆபத்தாகலாம்?

நாலந்தா அணை இப்போது ஆபத்தில் இருக்கிறது என்று சொல்வது எமது நோக்கமல்ல. அது ஈர்ப்பு அணை வகையைச் சேர்ந்தது. அதாவது, தன் எடையினாலேயே நீரின் தள்ளு விசையைத் தாங்கி நிற்பது. எமது வன்னிக் குளங்களின் கட்டுகள் மண்ணால் ஆனவை. மண்கட்டின் மேலால் நீர் பாய்ந்தால் சில மணி நேரத்திலேயே அது அரித்து உடையலாம். ஈர்ப்பு அணை அவ்வளவு இலகுவில் அரிபடாது. ஆனால் அத்திவாரத்துக்குக் கீழே நீர் கசிந்து அணையை மேல்நோக்கித் தூக்கும் அழுத்தம், வெடிப்புகள், இயங்க மறுக்கும் கதவுகள், சேறு நிறைந்து கொள்ளளவு குறைதல் ஆகியவற்றை அங்கும் கவனிக்க வேண்டும்.

பொறியியலாளர்கள் அணையின் நிலையையும் அதன் ஆபத்து வகையையும் தனித்தனியே பார்க்கின்றனர். அணை எவ்வளவு பழுதடைந்துள்ளது என்பது நிலை. அது உடைந்தால் கீழே எத்தனை பேர் பாதிக்கப்படுவர் என்பது ஆபத்து வகை. நல்ல நிலையிலுள்ள சிறிய அணையும், கீழே ஊர்கள் பெருகினால், உயர் ஆபத்து வகைக்குள் வந்துவிடும். அணை மாறாவிட்டாலும் அதன் கீழே வாழ்வோரின் எண்ணிக்கை மாறுகிறது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். கெலி பார்ன்ஸ் என்ற சிறிய மண் அணை முன்பு மின்சாரத்துக்குப் பயன்பட்டது. 1957இல் மின்னுற்பத்தி நின்ற பின் அது வெறும் பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. வருமானம் தராத அணையைப் பராமரிக்கும் அக்கறை குறைவாகவே இருக்கும். 1977 நவம்பர் 6ஆம் திகதி அதிகாலை, பெருமழையின் பின் அது உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தோர் உட்பட 39 பேர் இறந்தனர். அதன் பிறகே அந்நாட்டில் ஆயிரக்கணக்கான அணைகளைப் பரிசோதிக்கும் பணி வேகம் பெற்றது.

கந்தளாய் சொன்ன பாடம்

எமது மண்ணில் அந்தப் பாடம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை வந்தது. திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். சுமார் 1,600 வீடுகள் அழிந்தன. அப்போதும் மக்கள் உறக்கத்தில்தான் இருந்தனர்.

போர்க்காலம் குளங்களுக்கு வேறு விதமான காயங்களையும் தந்தது. பராமரிப்பு இல்லாமல் பல ஆண்டுகள் கைவிடப்பட்ட கட்டுகள் ஏராளம். 2006இல் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதே போரின் இறுதிக் கட்டத்துக்கு முன்னுரையானது. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு தகர்க்கப்பட்டது. தண்ணீர் ஆயுதமாக மாறியதைக் கண்ணால் கண்ட மக்கள் நாம்.

போர் முடிந்த பின்னும் கேள்விகள் முடியவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் மூழ்கின. கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்பது குறித்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மாத்தளை உட்பட மலையகத்தைப் புரட்டிப்போட்டது. மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். தம்புலு ஓயாவின் நீர் இறுதியில் சேரும் அதே கலா ஓயாவில் பயணிகள் பேருந்து ஒன்று வெள்ளத்தில் சிக்கி, அதிலிருந்தோர் பெரும் பாடுபட்டு மீட்கப்பட்டனர்.

எச்சரிக்கை எந்த மொழியில்?

இலங்கையில் 350க்கும் அதிகமான நடுத்தர, பெரிய அணைகளும் 12,000க்கும் அதிகமான சிறு குளங்களும் உள்ளன. நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகாரசபை, மின்சார சபை, கமநல அபிவிருத்தித் திணைக்களம் எனப் பொறுப்பு பலரிடம் பிரிந்து கிடக்கிறது. 2008இல் உலக வங்கியின் உதவியுடன் அணைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, பல அணைகள் திருத்தப்பட்டன. அளவீட்டுக் கருவிகளும் பொருத்தப்பட்டன. அது நல்ல தொடக்கம்.

ஆனால் கருவி காட்டும் எண் கரையோரக் குடிசைக்குப் போய்ச் சேர வேண்டும். டித்வா நாட்களில் பல எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாக வந்தன, அல்லது வரவே இல்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. வெள்ளம் வரும் இரவில் அந்த உரிமை உயிரோடு சம்பந்தப்பட்டது. மாத்தளையின் தோட்டக் குடியிருப்புகளுக்கும் மூதூருக்கும் கிளிநொச்சிக்கும் இது பொருந்தும்.

அங்கு செல்வோர் கவனிக்க வேண்டியவை

ஏ9 வழியே சுற்றுலா செல்லும் குடும்பங்கள் நீரைக் கண்டால் இறங்கிக் குளிக்க விரும்புவது இயல்பு. எந்த அணையிலும் சில விடயங்களை மறக்கக் கூடாது.

அணைக்கு மேற்புறம், துருசுக்கு அருகில் நீந்த வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் இழுக்கும்.

அணைக்குக் கீழே, வான் பாயும் தடத்தில் இருந்து சமைப்பதோ படம் எடுப்பதோ கூடாது. வானம் தெளிவாக இருந்தாலும், மலைப்பக்கத்தில் பெய்த மழைக்காகக் கதவு திறக்கப்படலாம்.

சைரன் ஒலித்தாலோ, நீர் திடீரெனக் கலங்கி உயர்ந்தாலோ பொருட்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

அணைக்குக் கீழே வாழ்வோர், கட்டின் அடியில் புதிய கசிவைக் கண்டால், அதிலும் கசியும் நீர் கலங்கலாக இருந்தால், உடனே கிராம அலுவலருக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கும் அறிவியுங்கள். தெளிந்த கசிவு பல அணைகளில் வழமை. கலங்கிய கசிவு உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்பதன் அடையாளம்.

உங்கள் ஊருக்கு மேலே எந்தக் குளம் இருக்கிறது, அதன் கதவைத் திறப்பது யார், திறக்கும் முன் யாருக்கு, எந்த மொழியில் அறிவிப்பார்கள், ஓட வேண்டிய மேடு எது என்ற நான்கு கேள்விகளுக்கும் மழைக்காலத்துக்கு முன்னரே விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். விடை தருவது அவர்களது கடமை.