குறுக்கெழுத்தும் கூட்டறிவும்

தினசரிப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துக் கட்டங்களைப் பிறர் துணையின்றித் தானே நிரப்புகிறவன்தான் அறிவாளி என்றும், அடுத்தவரைக் கேட்டு நிரப்புகிறவன் அரைகுறை என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தோட்டத்து ஆபீசிலும் சரி, பட்டணத்துக் கோப்பிக் கடையிலும் சரி, ஆங்கிலம் கற்ற சிலர் இவ்விளையாட்டைத் தம் படிப்புக்கு ஒரு பதக்கமாக அணிந்து திரிகின்றனர். இவ்வபிப்பிராயம் நியாயமானதா என்பதை அவ்விளையாட்டின் சரித்திரத்தையே சாட்சிக்கு அழைத்து விசாரிப்போம்.

1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, 'நியூயார்க் வோர்ல்டு' பத்திரிகையின் ஞாயிறு இதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு சொற்புதிரை வெளியிட்டார். இன்றைய குறுக்கெழுத்துக்கு அதுவே வித்து. 1924-இல் சைமன்–ஷூஸ்டர் என்னும் புதிய பதிப்பகத்தார் இத்தகைய புதிர்களைப் புத்தகமாக்கி வெளியிட்டதும், அமெரிக்க நாடெங்கும் இந்த மோகம் பரவிற்று. பால்டிமோர்–ஒஹையோ ரயில் கம்பெனியார் பிரயாணிகளின் உபயோகத்துக்காக வண்டிகளில் அகராதிகளை வைத்தனர். நியூயார்க் பொது நூலகத்தாரோ, புதிர்ப் பிரியர்கள் அகராதிகளை மொய்த்துக்கொண்டு மற்ற வாசகர்களுக்கு இடமில்லாமற் செய்கின்றனர் என்று குறைப்பட்டுக்கொண்டனர். அதே ஆண்டில் இவ்விளையாட்டை வீண்பொழுது என்று இகழ்ந்த 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, 1942 பிப்ரவரி 15 முதல் தானே அதை வெளியிடலாயிற்று. லண்டன் 'டைம்ஸ்' அதற்கும் முன்னரே, 1930 பிப்ரவரி 1-ஆம் தேதி, அதற்கு இடமளித்துவிட்டது.

இதிலிருந்து விளங்குவது யாது? விளையாட்டு பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே அகராதியும் நூலகமும் அதன் துணைக்கு வந்துவிட்டன. ஆதலின், துணை நாடுதல் பிற்காலத்தில் புகுந்த களங்கமன்று. அது அவ்விளையாட்டோடு உடன்வளர்ந்த வழக்கமேயாகும்.

மலாயாவுக்கு இது ஆங்கிலப் பத்திரிகைகளின் வழியாக வந்தது. அப்பத்திரிகைகள் துரைமார் பங்களாவுக்கும் கிராணிமார் மேசைக்கும் சென்றன, லயத்துக்குச் செல்லவில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டுமென்று விதித்தது. அங்குக் கிடைத்தது தமிழ்க் கல்வி. ஆங்கிலக் கல்வியோ பட்டணத்தில் இருந்தது. ஆங்கிலப் புதிரின் குறிப்புகளோ கிரிக்கெட்டையும், பைபிளையும், லண்டன் தெருக்களையும் அறிந்தவர்க்கே பிடிபடுபவை. ஆகவே, ஒருவன் கட்டத்தை நிரப்பினான் என்றால் அவன் அறிவிற் சிறந்தவன் என்பது பொருளன்று. அவன் எந்தப் பள்ளியின் வாசலில் அனுமதிக்கப்பட்டான் என்பதே பொருள். வாசலில் நின்றவனை இகழ்வதற்கு உள்ளே சென்றவனுக்கு என்ன உரிமை உண்டு?

இனித் தமிழ்நாட்டின் பக்கம் பார்ப்போம். 1926-இல் தோன்றிய 'ஆனந்த விகடன்' பத்திரிகையை 1928-இல் எஸ்.எஸ். வாசன் விலைக்கு வாங்கினார். அதன் வாசகர்களைப் பெருக்குதற்கு அவர் கையாண்ட உபாயங்களில் குறுக்கெழுத்துப் போட்டியும் ஒன்று. தமிழில் கட்டம் அமைக்கும் முறையே தனி. 'கா' என்பது ஓரெழுத்தாதலால் ஒரு கட்டம். 'க்' என்னும் மெய்க்கும் ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகள், நமக்கோ 247. ஆதலால் குறுக்கும் நெடுக்கும் பொருந்தும் சொல்லைத் தேடுதல் கடினம். துணையும் அதற்கேற்ப வேண்டியதாயிற்று.

அத்துணையோ நம்மிடம் நெடுங்காலமாகவே உண்டு. திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களை வகுத்தது. அவற்றுள் ஒரு தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. எதுகைச் சொற்களைத் தேடுவோர்க்குத் தொடைப் பகுதி உதவும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இவையெல்லாம் தனியொருவர் மனத்தில் அடங்காதவற்றை அனைவர்க்கும் பொதுவாக்கிய களஞ்சியங்கள். நிகண்டைப் பார்த்துக் கவிபாடிய புலவரைத் திருடர் என்று எவரும் சொன்னதில்லை. அங்ஙனமாயின், அகராதியைப் புரட்டிக் கட்டத்தை நிரப்புகிறவனை மட்டும் நகைப்பதேன்?

ஆனால், துணையே பயன்படாத ஒருவகைக் குறுக்கெழுத்தும் இருந்தது. இந்தியாவில் பெருந்தொகைப் பரிசு காட்டி நுழைவுக் கட்டணம் வசூலித்த போட்டிகள் பல நடந்தன. ஒரே குறிப்புக்கு இரண்டு சொற்கள் பொருந்தும். நடத்துவோர் முன்னதாக முடிவுசெய்து வைத்த சொல்லே சரியானதாகும். அங்கே அகராதி என் செய்யும்? ஆசிரியர் என் செய்வார்? அது சொல்லின் பெயரால் நடந்த சூது. 1955-இல் இந்திய சர்க்கார் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றி, மாதப் பரிசுத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு மேற்படலாகாதென்றும், நுழைவுச் சீட்டுகள் இரண்டாயிரத்தைத் தாண்டலாகாதென்றும் கட்டுப்படுத்தினர். 1957-இல் உச்ச நீதிமன்றம், இச்சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டப் போட்டிகளுக்கே உரியது. திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அன்று என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பிலிருந்து நாம் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். பிறர் சொல்லிக்கொடுத்தால் எதில் நம் அறிவு வளருமோ அது கல்வி. எதில் வளராதோ அது சூது.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் வட சிலாங்கூரையே அளந்து பார்ப்போம். 'வரிசை, பசுக்கூட்டம், யாப்பில் ஓர் அசை' என்று குறிப்புக் கொடுத்து இரண்டெழுத்தில் விடை கேட்டால், பட்டணத்துப் பட்டதாரி திகைக்கலாம். பால் மரம் வெட்டிய மூதாட்டியோ 'நிரை' என்று உடனே சொல்லுவார். நாள்தோறும் நிரை பிடித்து வேலை செய்தவர் அல்லரோ அவர்? 'பெயரிலோ ஒரு மரம், நிலத்திலோ வேறொரு மரம். கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டம்' என்று ஆறெழுத்தில் கேட்டால் விடை 'தென்னமரம்'. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை அமைத்த இடம் அதுவே. 1930-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவரும் அவரே. பரிசின் பெயரைச் சொல்ல ஆங்கிலம் படித்தவர் வேண்டும். ஆங்கில எழுத்தில் 'டென்னமாரம்' என்று சிதைந்து கிடக்கும் ஊர்ப்பெயருக்குள் நம் தமிழ்ச்சொல் இருப்பதைக் காட்ட லயத்தில் வளர்ந்தவர் வேண்டும். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தாலன்றிக் கட்டம் நிரம்பாது.

இன்று கைப்பேசியைத் தட்டினால் நொடியில் விடை கிடைக்கிறது. அதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. அதுவும் ஓர் அகராதியே. ஆயினும், அதனிடம் கேட்பதற்கு முன் அருகிலுள்ள மனிதரிடம் கேளுங்கள். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பின்னர், உளியும் நிரையும் பிரட்டுக்களமும் பேசிய வாய்கள் குறைந்து வருகின்றன. அகராதியில் ஏறாத எத்தனையோ தோட்டச் சொற்கள் அவர்களோடு மறைந்துபோகும். ஒரு வெற்றுக் கட்டத்தைச் சாக்காக வைத்தேனும் அவற்றைக் கேட்டு எழுதிவைப்போமானால், நாம் நிரப்பியது புதிரை மட்டுமன்று.

தோழர்களே! தெரியாததைக் கேட்பது இழிவன்று. கேட்டவனை நகைத்து வாயடைப்பதே இழிவு. பிள்ளைகள் பத்திரிகையோடு வந்து நின்றால், விடையை மட்டும் சொல்லி அனுப்பாமல், அச்சொல் வந்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.