அங்குலமும் நோக்கமும்

தென்னை மரம் ஏறும் தொழிலாளியின் இடுப்பில் தொங்குவதும் அரிவாள்தான். முன்பகையைத் தீர்க்கப் புறப்பட்டவர் சட்டைக்குள் மறைத்துச் செல்வதும் அரிவாள்தான். இரண்டையும் ஒரே கொல்லர் ஒரே பட்டறையில் அடித்திருக்கக் கூடும். இவ்விரண்டையும் எப்படி வேறுபடுத்துவது என்பதே, கூரிய ஆயுதங்கள் குறித்த சட்டமும் அதைச் செயல்படுத்தும் காவல் துறையும் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க முயன்ற தங்கையும் காயமடைந்தார். இத்தகைய கொடுமை நிகழும்போதெல்லாம், "அரிவாளுடன் நடமாடுவதையே ஏன் தடை செய்யக் கூடாது?" என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு விடை காணும் முன் இப்போதுள்ள சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காத்துக் கொள்ளவோ வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்கிறது. வீட்டு உபயோகத்துக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உருவாக்கப்பட்டவற்றை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. அச்சட்டத்தின் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டின் விதிகள், வாள், குறுவாள், ஈட்டி போன்றவற்றுடன், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைக் கொண்ட கத்திகளையும் ஒரே வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு அங்கும் விலக்கு உண்டு.

இந்தப் பட்டியலில் இடம்பெற்ற மாத்திரத்தில் ஒரு கத்திக்கு உரிமம் தேவைப்பட்டுவிடாது. துப்பாக்கிக்கு நாடெங்கும் உரிமம் கட்டாயம். கூரிய ஆயுதங்களுக்கோ, சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட பகுதியையும் குறிப்பிட்ட ஆயுத வகையையும் அரசு அறிவிக்கை மூலம் தெரிவித்தால்தான் உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றமாகும். சீக்கியர்கள் கிர்பான் அணிவதை அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவே சமய உரிமையாக ஏற்கிறது.

தில்லியில் அப்படியோர் அறிவிக்கை 1980-இல் வெளியானது. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி போன்றவற்றில், அலகு 7.62 சென்டிமீட்டர், அதாவது 3 அங்குலம் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாடு பொருந்தும். அத்தகைய கத்தியை வைத்திருந்ததாகத் தொடரப்பட்ட வழக்கு ஒன்றை 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அறிவிக்கை தடுப்பது உற்பத்தியையும் விற்பனையையும், விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருப்பதையும்தான். அந்த நோக்கம் இருந்ததாகக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை என்பதே காரணம். அலகின் நீளத்தை அளந்த காவல் துறை, நோக்கத்தைக் குறிப்பிடத் தவறியது.

அதற்காக, அறிவிக்கை இல்லாத ஊர்களில் யாரும் எதையும் ஏந்திச் செல்லலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் எண்ணம் உண்டு என்று நியாயமாகச் சந்தேகிக்கும் சூழலில் ஆயுதம் கொண்டு செல்பவரை, உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிடியாணை இன்றிக் கைது செய்ய ஆயுதச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. பதற்றம் நிலவும் காலங்களில் தடை உத்தரவு பிறப்பித்து ஆயுதம் ஏந்துவதைத் தடுக்கலாம். தொடர் குற்றவாளிகளிடம் நன்னடத்தைப் பிணை பெறவும், குற்றம் நிகழாமல் தடுக்க முன்கூட்டியே கைது செய்யவும் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' இடமளிக்கிறது. ஆகவே, குறை அதிகாரத்தில் இல்லை. அதைப் பயன்படுத்தும் முறையில்தான் இருக்கிறது.

2021 செப்டம்பரில் தமிழக காவல் துறை மாநிலம் முழுவதும் ரெளடிகளின் இருப்பிடங்களில் சோதனை நடத்தி ஏராளமான கத்திகளையும் அரிவாள்களையும் பறிமுதல் செய்தது. கொல்லுப்பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசி, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கும் நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுமாறும், கண்காணிப்பு கேமரா பொருத்துமாறும் கேட்டுக்கொண்டது. முதல் நடவடிக்கை குற்றப் பின்னணி உள்ளவர்களைக் குறிவைத்தது. அதில் நியாயம் உண்டு. இரண்டாவதைப் பற்றி, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஐயம் உண்டு.

ஒரு பொருளின் புழக்கத்தைக் கட்டுப்படுத்த விரும்பும் அரசு, புதிதாகச் சந்தைக்கு வரும் அளவையும், ஏற்கெனவே மக்களிடம் உள்ள இருப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அரிவாள் பல்லாண்டு உழைக்கும் கருவி. கிராமத்து வீடுகளில் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். இவ்வளவு பெரிய இருப்பு உள்ள நிலையில், புதிய விற்பனையைப் பதிவு செய்வதால் குற்றவாளிக்குத் தடை ஏதும் ஏற்படுவதில்லை. அவர் வீட்டில் உள்ளதை எடுப்பார். அல்லது பொய்ப் பெயர் தருவார். அல்லது இணைய வணிகத்தில் வாங்குவார். பதிவேட்டின் சுமையும் கேமராவின் செலவும் நலிந்து வரும் பட்டறைத் தொழிலாளியின் தலையில்தான் விழும்.

சாலைச் சோதனைக்கும் இதே கணக்கு பொருந்தும். அதிகாலையில் அரிவாளுடன் செல்லும் ஆயிரம் பேரில் ஒருவர் தீய எண்ணம் உடையவர் என்று வைத்துக்கொள்வோம். அரிவாள் இருப்பதை மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகக் கொண்டால், அந்த ஒருவருக்காக 999 பேர் வழிமறிக்கப்படுவார்கள். இளநீர் வெட்டுபவரும் கரும்பு வெட்டப் போகும் கூலித் தொழிலாளியும் ஒரு நாள் காவல் நிலையத்தில் காத்திருந்தால், அன்றைய கூலி போயிற்று. அந்த இழப்பு எந்தக் குற்றப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

இவ்விஷயத்தில் பிரிட்டனின் அனுபவம் நமக்குப் பாடமாகும். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, பொது இடத்தில் கத்தியுடன் இருப்பதே குற்றம். 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டும் விளிம்புள்ள மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. ஆனால், தொழில், சமயம், மரபு உடை அல்லது வேறு தக்க காரணத்தை நிரூபித்தால் விடுபடலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. நிறுத்திச் சோதிக்கும் காவலர் அதற்கான காரணத்தைச் சொல்லவும் பதிவு செய்யவும் வேண்டும்.

அங்கும் சோதனைகளின் எண்ணிக்கையைப் பெருக்கினால் குற்றம் குறையும் என்று நம்பினார்கள். 2008-இல் லண்டனின் சில பகுதிகளில் ஆயுதச் சோதனைகள் மிகப் பெருமளவில் அதிகரிக்கப்பட்டன. அப்பகுதிகளை மற்றப் பகுதிகளுடன் ஒப்பிட்டு பிரிட்டன் உள்துறை 2016-இல் வெளியிட்ட ஆய்வு, கூடுதல் சோதனைகளால் குற்றம் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றது. கறுப்பின இளைஞர்களே மிகுதியாக நிறுத்தப்படுகிறார்கள் என்ற மனக்கசப்பு மட்டும் நீடிக்கிறது. மாறாக, 2005-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய வன்முறைக் குறைப்புப் பிரிவு, கத்திக்குத்தைப் பொது சுகாதாரப் பிரச்னையாகக் கருதி, காவல் துறையுடன் மருத்துவமனை, பள்ளி, வேலைவாய்ப்பு ஆகியவற்றையும் இணைத்தது.

நமக்குத் தேவை மூன்று மாற்றங்கள் என்பது என் கருத்து. முதலாவது, தொழிலுக்காகக் கருவியைக் கொண்டு செல்வது தக்க காரணம் என்பதைச் சட்டமே தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள விலக்கு, கருவி எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று பார்க்கிறதே தவிர, அது எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில், எதற்காகக் கொண்டு செல்லப்படுகிறது என்று பார்ப்பதில்லை. இதனால் அப்பாவித் தொழிலாளிக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை; வேளாண் கருவி என்ற போர்வையில் வன்முறையாளர் தப்பவும் வழி உண்டு.

இரண்டாவது, வழிமறித்த காரணத்தைக் காவலர் எழுத்தில் பதிந்து, நகலை உரியவருக்குத் தர வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 105-ஆவது பிரிவு கூறுகிறது. அதைச் சாலைச் சோதனையிலும் தயங்காமல் பின்பற்றினால், நேர்மையான காவலருக்கும் அது கவசமாகும். நீதிமன்றத்தில் வழக்கும் நிற்கும்.

மூன்றாவது, காவல் துறையின் நேரமும் ஆளும் கருவியின் பின்னால் அன்றி, பகையின் பின்னால் செல்ல வேண்டும். பழிவாங்கும் கொலைகள் நிகழ வாய்ப்புள்ள ஊர்கள், பிணையில் வந்தவர்கள், சமூக ஊடகங்களில் அரிவாளுடன் மிரட்டுபவர்கள் யார் என்பது உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தெரியாததல்ல. நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கை, பள்ளிகளில் ஜாதி அடையாளக் கயிறுகள் உள்ளிட்டவற்றைக் களையப் பரிந்துரைத்தது. அரிவாளைப் பறிப்பதைவிடக் கடினமான பணி அது. ஆனால், பலன் அங்கேதான் இருக்கிறது.

குற்றத்தின் பொருளாதாரம் குறித்து கேரி பெக்கர் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தண்டனையின் கடுமையோடு, பிடிபடும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிட்டது. பின்வந்த ஆய்வுகள் பலவும், கடுமையைவிடப் பிடிபடுவது உறுதி என்ற எண்ணமே குற்றத்தை அதிகம் தடுக்கிறது என்கின்றன. உழைப்பவரின் கருவியைப் பறிமுதல் செய்து எண்ணிக்கையைக் கூட்டுவதால் அந்த உறுதி வராது. வன்முறையாளர் தப்ப முடியாது என்பதும், உழைப்பாளி அஞ்ச வேண்டியதில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையானால்தான் சட்டம் தன் வேலையைச் செய்கிறது எனலாம்.