மரக்காணம் உப்பளங்கள்: அயோடினிலிருந்து சிறுநீரகம் வரை

மரக்காணம் உப்பளங்களில் பங்குனி முதல் வைகாசி வரையான வெயிலில்தான் பாத்திகள் நன்றாக விளையும். வாருபலகையோடு ஆட்கள் அதிகம் நிற்பதும் அப்போதுதான். விளைச்சலைத் தரும் அதே வெயில்தான் உடம்பையும் கெடுக்கிறது. ஆனால் விடுதலைக்குப் பிந்தைய சுகாதாரக் கொள்கை, உப்பை உண்பவரைக் கண்ட அளவுக்கு அதை விளைப்பவரைக் காணவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

உண்பவரின் வரலாறு நன்கு பதிவானது. 1956இல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்க 1997இல் விதித்த தடையை 2000இல் நீக்கி, 2006இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இதன் பயனை மறுப்பதற்கில்லை. அரை நூற்றாண்டாக உப்பின் தரம்தான் விவாதப் பொருளாக இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

விளைப்பவரைச் சட்டம் அறியாமல் இல்லை. சுவரும் கூரையும் இல்லாத உப்பளமும் தொழிற்சாலையே என்று 1961இல், பம்பாய் வடாலா உப்பளம் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்ன குடிநீரும் கழிப்பறையும் அளத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் மின்விசை இல்லாத இடத்தில் இருபது பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் செல்லுபடியானது. சிறு குத்தகை அளங்கள் நழுவ இந்த ஓட்டை போதுமானதாக இருந்தது.

மருத்துவ ஆய்வு இன்னும் தாமதித்தது. 2000க்குப் பின் ராஜஸ்தானில் நடந்த ஆய்வுகள் கண், தோல் உபாதைகளையும் இரத்த அழுத்தத்தையும் பதிவு செய்தன. உப்பு அரைக்கும் ஆலைகளுக்கு அருகே வேலை செய்வோர் முகமூடியும் கண்ணாடியும் அணிந்தபோது அழுத்தம் குறைந்தது என்று 2005இல் வெளியான ஒரு கட்டுரை காட்டியது. தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை ஏழு உப்பளங்களில் 352 பேரை ஆராய்ந்தது. பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். சுமார் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வியர்வையில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். அது நாள்தோறும் நேர்ந்தால் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். எல் சால்வடோர் கரும்புத் தோட்டங்களில் இளைஞர்களைக் கொன்ற நோய்க்கும் இதையே முக்கியக் காரணமாகப் பலர் கருதுகின்றனர். அளத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. ஆய்வாளர்கள் கேட்டது பெரிய மருந்தொன்றுமல்ல: நிழல், தண்ணீர், ஓய்வு, கழிப்பறை.

கொள்கை இங்கே விசித்திரமாக நிற்கிறது. வேலையில்லாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் உண்டு. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் என்றது. மழையால் போன கூலிக்கும் வெயிலால் போன உயிருக்கும் கணக்கு இருக்கிறது. பல பருவங்களில் மெல்லத் தேயும் சிறுநீரகத்துக்கு இல்லை. அறிவிக்கத்தக்க தொழில்நோய்களின் மத்திய அரசுப் பட்டியலிலும் இந்தப் பாதிப்பு இடம்பெறவில்லை. உப்பு வாரும் பருவத்துக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு தொழிலாளருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து, முடிவைப் பதிவேட்டில் ஏற்றுவதை மரக்காணத்திலேயே அரசு தொடங்க வேண்டும்.