மண்குவளையில் தேநீர் குடித்த பந்து வீச்சாளர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போகிறவர்கள் சித்திரை, வைகாசியில் சன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். தண்ணி வத்திய கண்மாய்க்குள்ள பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் எல்லாப் பையன்களும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இறங்கி நடந்து போனால்தான் எந்த டீம் ஊர்த்தெரு, எந்த டீம் காலனி என்பது விளங்கும். கண்மாய் ஒண்ணுதான், ஆடுகளம் வேற வேற.

எங்க தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். பேர் வேண்டாம். பஞ்சாலையில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு, தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டிவிட்டுட்டு நேரா கண்மாய்க்கு வந்துவிடுவார். ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு அவர் போடுகிற யார்க்கர் சுத்துப்பட்டியில் பிரசித்தம். 2000களின் தொடக்கம் அது. நான் முள்ளுக்காட்டுக்குள் விழும் பந்தைப் பொறுக்கிப் போடுகிற சிறுவன். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது ஊர்த்தெரு டீமும் அவரைக் கூப்பிடும். ஜெயிக்கணுமே!

அப்படி ஒரு போட்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணி கொடுத்தார்கள். பத்துப் பேருக்குச் சொம்பு வந்தது. அண்ணனுக்கும் எனக்கும் கையைக் குவிக்கச் சொல்லி மேலே இருந்து ஊத்தினார்கள். அன்றைக்கு அண்ணன் எடுத்தது அய்ந்து விக்கெட். கோப்பையை வாங்கியது கேப்டன்.

அந்தத் தண்ணி ரொம்ப நாள் மனசுக்குள்ள கிடந்தது. பிறகு எம்.ஏ. படிக்கிற காலத்தில் ஒரு தோழர், ராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூலைப் படித்துவிட்டு பல்வாங்கர் பாலுவைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டே வந்தவன், "இது எங்க அண்ணன் கதைதான தோழர்" என்றேன்.

பல்வாங்கர் பாலு 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். சமார் சாதி. தோல் வேலைக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட சாதி. (இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கிரிக்கெட் பந்து மாட்டுத்தோலால் தைக்கப்படுவது. தோலை உரித்துப் பதப்படுத்தித் தைத்துக் கொடுக்கிறவன் தீண்டத்தகாதவன். பந்தை மட்டும் எல்லாரும் தொடையில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ளலாம்.) குடும்பம் புனேயில் பட்டாளத்தை அண்டிப் பிழைத்தது. பாலு முதலில் பார்சிகளின் கிளப் ஒன்றில் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கி, பிட்ச்சை உருட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 3 ரூபாய் சம்பளம். 1892 வாக்கில் அய்ரோப்பியர்களின் பூனா கிளப்புக்குப் போனார். சம்பளம் 4 ரூபாய் ஆனது. வலை கட்டுவது, கோடு போடுவது, சில சமயம் துரைமார்களுக்குப் பந்து போடுவது.

துரைமார்களில் கிரெய்க் என்பவர் சிறந்த மட்டையாளர். தினமும் மற்றவர்களுக்கு முன்னால் வந்து பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தன்னை அவுட்டாக்குகிற ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்த இடக்கை மணிக்கணக்காகப் பந்து போட்டுப் போட்டுத்தான் சுழலைக் கற்றது. ஆனால் கவனியுங்கள், அத்தனை வருடங்களில் பாலுவின் கையில் ஒரு நாள்கூட யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை.

மட்டை பிடிப்பது எஜமானின் காரியம், பந்து போடுவது கூலிக்காரனின் காரியம் என்பது இங்கே மட்டும் இருந்த பழக்கமல்ல. இங்கிலாந்தில் 'ஜென்டில்மேன்', 'பிளேயர்ஸ்' என்று கனவான்களுக்கும் கூலி ஆட்டக்காரர்களுக்கும் தனித்தனி அணி. அந்தப் பிரிவினையை 1962இல்தான் ஒழித்தார்கள். அங்கேயும் பந்து வீச்சின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் கூலிக்காரர்களே. அங்கே வர்க்கம் செய்ததை இங்கே சாதி இன்னும் இறுக்கிக் கட்டியது.

புனே இந்துக்கள் அய்ரோப்பியர்களை வெல்ல ஆசைப்பட்டார்கள். பாலு இல்லாமல் ஜெயிக்க முடியாது. பாலுவைச் சேர்த்தால் தீட்டு. பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள். சாதி இந்துக்கள் சமரசம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். மைதானத்துக்குள் பாலு தொட்ட பந்தை எல்லாரும் தொடலாம். ஆட்டம் நின்று தேநீர் வந்தால், மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறிகிற மண்குவளை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவத் தண்ணி வேண்டுமென்றால் இன்னொரு தீண்டப்படாத வேலைக்காரர் கொண்டு வந்து கொடுக்க வேண்டும்.

நமக்கு இது புதிதில்லை. எங்க பகுதி டீக்கடைகளில் சிரட்டை இருந்தது, பிறகு தனிக் கிளாஸ் வந்தது. இப்போது குடித்துவிட்டு எறிகிற பேப்பர் கப். காலனி ஆளுக்குக் கேட்காமலே பேப்பர் கப், ஊர் ஆளுக்குக் கண்ணாடிக் கிளாஸ் என்று கொடுக்கிற கடை இன்னும் உண்டு. கேட்டால் சுகாதாரம் என்பார்கள். புனே மைதானத்து மண்குவளைதான் பேப்பராக மாறி வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

1896இல் புனே, பம்பாய்ப் பகுதிகளைப் பிளேக் தாக்கிய காலத்தில் பாலு பம்பாய்க்கு வந்தார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. அங்கே இந்து ஜிம்கானா அணிக்கு ஆடினார். 1906இல் இந்துக்கள் அய்ரோப்பியர்களை 109 ரன்னில் வென்றார்கள். காலனி ஆட்சிக் காலத்தில் அது வெறும் ஆட்ட வெற்றியாகப் பார்க்கப்படவில்லை. பாலுவையும் தம்பி சிவராமையும் சேர்த்துக்கொண்டதால்தான் இந்த வெற்றி என்று சீர்திருத்தக்காரர்கள் மெச்சி எழுதினார்கள். கைதட்டல் இந்துக்களின் பெருந்தன்மைக்கு!

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்தியாவின் பெயரால் ஓர் அணி இங்கிலாந்து போனது. மகாராஜா பெரும்பாலும் விருந்துகளிலேயே இருந்தார். அணி நிறையத் தோற்றது. தோற்ற அணியில் ஓய்வில்லாமல் பந்து போட்டவர் பாலு. தோள்வலியோடு 114 விக்கெட்டுகள், ஒரு விக்கெட்டுக்கு 19 ரன்னுக்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மட்டும் ஒரே இன்னிங்ஸில் எட்டு. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. முதல்தரப் போட்டிகளில் மொத்தக் கணக்கு 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21.

பம்பாய் திரும்பியபோது தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி அவருக்கு வரவேற்புக் கொடுத்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் இருபது வயதுக் கல்லூரி மாணவர் பீமராவ் அம்பேத்கர் என்று சொல்லப்படுகிறது.

இத்தனைக்கும் அவரை அணித் தலைவராக்கவில்லை. 1913இல் தலைவராக்கப்பட்ட எம்.டி. பை, இந்தப் பதவி பாலுவுக்குப் போயிருக்க வேண்டியது என்று மேடையிலேயே சொன்னார். சொன்னதோடு சரி. 1920இல் பாலுவை அணியிலிருந்து நீக்கினார்கள். மட்டையாட்டத்தில் முன்னணியில் இருந்த தம்பி விட்டலை ஒதுக்கிவிட்டு, இளையவரான தேவதரைத் தலைவராக்கினார்கள். விட்டலும் சிவராமும் சாதிதான் காரணம் என்று பகிரங்கமாகச் சொல்லி அணியிலிருந்து விலகினார்கள். விளையாட்டு மைதானத்தில் நடந்த ஒத்துழையாமை என்று இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த ஆட்டத்தில் பாலு துணைத்தலைவர். தலைவர் பை களத்தைவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் பாலு தலைமை தாங்க வழிவிட்டார். அந்தக் கொஞ்ச நேரம்தான் பாலுவுக்குக் கிடைத்த தலைமை. 1923இல் விட்டல் தலைவரானார். அணி கோப்பையையும் வென்றது.

இனி நம் தோழர்கள் பேசத் தயங்குகிற இடத்துக்கு வருவோம். 1932இல் தனித்தொகுதிப் பிரச்சினையில் பாலு அம்பேத்கர் பக்கம் நிற்கவில்லை. நம்ம சென்னை எம்.சி. ராஜாவைப் போலவே கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் பாலுவும் ஒருவர். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே பம்பாயில் நிறுத்தியது. ஏறக்குறைய இரண்டாயிரம் வாக்கில் அம்பேத்கர் வென்றார்.

இதற்காகப் பாலுவைத் துரோகி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு மனசு வரவில்லை. முதலில் வெளியே மண்குவளை, பிறகு உள்ளே கோப்பை, பிறகு துணைத்தலைவர், பிறகு தம்பி தலைவர் என்று ஒவ்வொரு படியாகத் தனக்கு நடந்ததை, நாட்டுக்கும் நடக்கும் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். ஒவ்வொரு படிக்கும் எத்தனை விக்கெட் விலையாகக் கொடுத்தோம் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா என்று நாம் கேட்கலாம். விக்கெட் எடுக்கத் தெரியாத லட்சக்கணக்கான ஜனங்களுக்கு எந்தப் படி? அம்பேத்கர் கேட்டது அதைத்தான். அதே சமயம் பாலுவை எதிரே நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்களை விட்டுவிட்டுப் பாலுவை மட்டும் ஏசுவது என்ன நியாயம்? 1955இல் அவர் இறந்தார்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் பந்து எறிகிறவர் முக்கியம். சாட்சல் பெய்ஜ் என்ற கறுப்பர் அதில் மன்னன். வெள்ளையர் லீக்கில் கறுப்பர்களுக்கு இடமில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் உள்ளே போன பிறகு, 1948இல்தான் பெய்ஜுக்குக் கதவு திறந்தது. அப்போது வயது 42. கறுப்பர் லீக்குகளின் கணக்குகளை 2024இல் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். தாமதம்தான், இருந்தாலும் சேர்த்தார்கள்.

இங்கே? ரஞ்சி பெயரில் கோப்பை, துலீப் பெயரில் கோப்பை. இருவரும் அரச குடும்பம், டெஸ்ட் ஆடியது இங்கிலாந்துக்காக. பாலு பெயரில் அப்படியொரு தேசியக் கோப்பை இல்லை. பெயர் வைப்பது என்னவாகும் என்று எங்க மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டதும் அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கல் பறந்தது, உயிர்கள் போயின. அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் சேர்த்தே எடுத்துவிட்டது.

2001இல் வந்த 'லகான்' படத்தில் கச்ரா என்ற தீண்டப்படாத பாத்திரம் பந்தைச் சுழற்றுவான். கை ஊனம் என்பதால் பந்து சுழல்கிறதாம். மணிக்கணக்கான உழைப்பை ஊனம் என்று காட்டிவிட்டார்கள். 2024இல் 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' என்று நம் தெருக்களின் ஆட்டம் திரைக்கு வந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதல்.

ஆட்டம் வெகுவாக மாறிவிட்டது. 2008இல் அய்.பி.எல். வந்தது. 2023 டிசம்பர் ஏலத்தில் ஸ்டார்க் என்ற ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளரை 24.75 கோடிக்கு எடுத்தார்கள். கூலிக்காரன் வேலைக்குக் கோடி! ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு வீச்சாளருக்கு 24 பந்துதான். மட்டை தடித்துவிட்டது, எல்லைக்கயிறு உள்ளே வந்துவிட்டது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்திலிருந்து கிளம்பி 2021இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். அது நடக்கிற காரியம்தான். எங்க கண்மாயிலிருந்து தோல் பந்துக்கும் வலைக்கும் போய்ச்சேரப் பஸ் கட்டணம் மட்டும் போதாது.

போன மாதம் அந்த அண்ணனைப் பார்த்தேன். இப்போது ஆலை வேலையில் இல்லை, தோள்பட்டை தூக்க முடியவில்லை. "மொத்தம் எத்தனை விக்கெட்ணே எடுத்திருப்பீங்க?" என்று கேட்டேன்.

"எவன் எழுதுனான் தம்பி? நோட்டுல ரன்னுதான் எழுதுவானுக. அவுட்டாக்குனது யாருன்னு எழுதமாட்டானுக."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "பேனா வச்சிருக்கியா?" என்றார். "மொதல்ல சேத்தூர்ல ஆடுனது. அதுல நாலு. எழுதிக்கோ."